டவர் தெரியுது, நெட் வரலை: உரிம அலைக்கற்றை நம்ம ஊருக்கு வரும் வழி

பட்டா நகல், வருமானச் சான்று, மின் கட்டணம், ரேஷன் கடையில் கைரேகைப் பதிவு, பிள்ளைகளின் தேர்வு முடிவு என்று இன்று எதை எடுத்தாலும் இணையம் வேண்டும். சேவை கைபேசிக்குள் வந்துவிட்டது. ஆனால் கைபேசிக்குள் சிக்னல் வந்தால்தானே சேவை வரும்? மலையடிவாரத்திலும் ஏரிக்கு அப்பால் இருக்கும் குக்கிராமங்களிலும் இன்னும் மொட்டை மாடிக்கு ஏறி, போனைத் தூக்கிப் பிடித்து, ஓடிபி வந்ததா என்று பார்க்கிறார்கள். ஓடிபி வருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. ஒரு விண்ணப்பத்துக்காக பஸ் ஏறி டவுனுக்குப் போனால், அன்றைய கூலி போச்சு.

"எங்க ஊருக்கு ஏன் நெட் வரலை?" என்ற கேள்விக்குப் பதில் அலைக்கற்றை என்ற ஒரு சொல்லில் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. அலைக்கற்றை யாருடையது, அதை யார் யாருக்குக் கொடுக்கிறார்கள், உரிமம் இல்லாமல் எதைப் பயன்படுத்தலாம், எதைத் தொடவே கூடாது, ஊராட்சியும் பொதுமக்களும் எங்கே போய்க் கேட்கலாம் என்பதை இந்தக் கட்டுரையில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அலைக்கற்றை என்றால் என்ன?

கைபேசியும் டவரும் பேசிக்கொள்வது வானலைகள் வழியாக. அந்த அலைகள் ஒரு நொடிக்கு எத்தனை முறை அதிர்கின்றன என்பதுதான் அலைவரிசை. ஒரு நொடிக்குப் பத்து லட்சம் முறை அதிர்ந்தால் 1 மெகாஹெர்ட்ஸ். கைபேசிச் சேவைக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளின் தொகுப்பைத்தான் அலைக்கற்றை என்கிறோம்.

எல்லா அலைவரிசையும் ஒரே மாதிரி வேலை செய்யாது. பக்கத்து ஊரில் திருவிழா நடந்தால், தூரத்தில் இருக்கும் நமக்கு முதலில் என்ன கேட்கும்? பெரிய மேளத்தின் "டம் டம்" சத்தம்தான். ஜால்ராவின் கீச்சு ஒலி அவ்வளவு தூரம் வராது. வானலையும் கிட்டத்தட்ட அப்படித்தான். அதிர்வு குறைந்த அலை தூரம் போகும், சுவரையும் மரத்தையும் ஓரளவு தாண்டும். அதிர்வு கூடிய அலை தூரம் போகாது. ஆனால் அந்தப் பகுதியில் அகலமான இடம் கிடைப்பதால் நிறைய டேட்டாவைச் சுமக்கும்.

நம் நாட்டில் புழக்கத்தில் இருப்பவற்றை இப்படி மூன்றாகப் பிரிக்கலாம்.

கீழ்ப்பட்டை: 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ். ஒரு டவரிலிருந்து பல கிலோமீட்டர் வரை எட்டும். கிராமங்களுக்கு இதுதான் பொருத்தம்.

நடுப்பட்டை: 1,800, 2,100, 2,300, 2,500, 3,300 மெகாஹெர்ட்ஸ். வேகம் நன்றாக இருக்கும், தூரம் குறையும். 5ஜி சேவையில் பெரும்பகுதி 3,300 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஓடுகிறது.

மேல்பட்டை: 26 கிகாஹெர்ட்ஸ். ஓர் அலையின் நீளம் ஒரு சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஒரு தென்னை மட்டை குறுக்கே ஆடினாலே சிக்னல் தடுமாறும். ஆனால் எதிரெதிரே தெரியும் இரண்டு இடங்களுக்கு இடையே மிக வேகமான இணைப்பு தரும்.

அகலமும் முக்கியம். ஒரு நிறுவனம் 10 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 4ஜி கொடுத்தால், வழக்கமான அமைப்பில் டவரின் ஒரு பக்கத்துக்குக் கிடைக்கும் உச்ச வேகம் நொடிக்கு சுமார் 75 மெகாபிட். இது ஒரு ஆளுக்கு அல்ல, அந்தப் பக்கத்தில் இருக்கும் எல்லாருக்கும் சேர்த்து. இரவு எட்டு மணிக்கு 50 பேர் ஒரே நேரத்தில் வீடியோ பார்த்தால், உச்ச வேகமே கிடைத்தாலும் ஆளுக்கு ஒன்றரை மெகாபிட்தான் தேறும். "காலைல நல்லா வருது, ராத்திரி சுத்துது" என்பதற்குக் காரணம் இதுதான். பிராட்பேண்ட் என்று சொல்ல நொடிக்குக் குறைந்தது 2 மெகாபிட் வேகம் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2023-இல் வரையறுத்திருப்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது யாருடைய சொத்து?

நம்முடைய சொத்து. வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் கிரிக்கெட் ஒளிபரப்பு தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. மக்கள் சார்பாக அதை நிர்வகிப்பது மத்திய அரசு. தொலைத்தொடர்புத் துறையின் கீழ் இருக்கும் கம்பியில்லாத் திட்டமிடல் மற்றும் ஒருங்கிணைப்புப் பிரிவு எந்தப் பட்டை யாருக்கு என்று ஒதுக்குகிறது. விலை, நிபந்தனைகள் பற்றிப் பரிந்துரை செய்வது டிராய் எனப்படும் ஒழுங்குமுறை ஆணையம்.

அப்படியானால் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தால் அலைக்கற்றை கிடைக்குமா? கிடைக்காது. தொலைத்தொடர்பு மத்தியப் பட்டியலில் உள்ள துறை. மாநில அரசு அலைக்கற்றையை வழங்க முடியாது. ஆனால் டவர் நிறுத்த நிலம், கேபிள் பதிக்கச் சாலையோர அனுமதி, மின் இணைப்பு ஆகியவை மாநில அரசு மற்றும் உள்ளாட்சியின் கையில் இருக்கின்றன. இந்த வேறுபாடு தெரிந்தால், எந்த மனுவை எங்கே கொடுப்பது என்ற குழப்பம் பாதி தீரும்.

ஏலம் எப்படி நடக்கிறது?

2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது பலருக்கும் நினைவிருக்கும். அதன்பிறகு கைபேசிச் சேவைக்கான அலைக்கற்றை ஏலம் மூலமாகவே தனியாருக்குப் போகிறது. தொலைத்தொடர்புச் சட்டம், 2023 இதை எழுத்திலேயே வைத்துவிட்டது. ஏலமே பொது விதி. செயற்கைக்கோள் சேவை, பாதுகாப்பு, பேரிடர் மேலாண்மை போன்று சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவற்றுக்கு மட்டும் நிர்வாக முறையில் ஒதுக்கலாம்.

ஏலத்தில் நாடு 22 சேவைப் பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. சென்னையையும் சேர்த்து தமிழ்நாடு ஒரு பகுதி. இங்கேதான் கிராமத்துக்கான சிக்கல் தொடங்குகிறது. ஒரு தாலுகாவுக்கு மட்டும், ஓர் ஊராட்சிக்கு மட்டும் அலைக்கற்றை வாங்க முடியாது. வாங்கினால் முழுப் பகுதிக்கும் வாங்க வேண்டும். வாங்கிய நிறுவனம் முதலில் எங்கே டவர் வைக்கும்? வாடிக்கையாளர் நெருக்கமாக இருக்கும் நகரத்தில்தான். 80 வீடு இருக்கும் குக்கிராமத்தில் வைக்கும் டவருக்கும் கிட்டத்தட்ட அதே செலவு ஆகும், வருமானம் வராது. ஆனாலும் அந்தக் குக்கிராமத்தின் மேலே இருக்கும் அலைக்கற்றை அந்த நிறுவனத்தின் கணக்கில்தான் இருக்கும். பயன்படுத்தாமல் சும்மா கிடந்தாலும் வேறு யாரும் தொட முடியாது.

விலை எவ்வளவு என்றும் பாருங்கள். கிராமத்துக்குப் பொருத்தமான 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை 2016-இல் முதன்முதலாக ஏலத்துக்கு வந்தது. நாடு முழுவதற்கும் ஒரு மெகாஹெர்ட்ஸுக்குக் குறைந்தபட்ச விலை ரூ.11,485 கோடி. யாரும் வாங்கவில்லை. 2021-இல் விலையைக் குறைத்தார்கள். அப்போதும் வாங்க ஆளில்லை. 2022-இல் ரூ.3,927 கோடியாக இறக்கிய பிறகு ரிலையன்ஸ் ஜியோ மட்டும் 10 மெகாஹெர்ட்ஸ் வாங்கியது. பி.எஸ்.என்.எல். நிறுவனத்துக்காக அரசு இதே பட்டையில் தனியாக ஒதுக்கி வைத்தது. ஆக, தூரம் போகக்கூடிய அலை ஆறு வருடம் யாருக்கும் பயன்படாமல் கிடந்தது.

அந்த 2022 ஏலத்தில் மொத்தம் 51,236 மெகாஹெர்ட்ஸ் ரூ.1,50,173 கோடிக்குப் போனது. உரிமக் காலம் 20 ஆண்டுகள்.

சும்மா கிடக்கும் அலைக்கற்றையை மற்றவர் பயன்படுத்த வழி உண்டா?

சில நாடுகள் வழி செய்திருக்கின்றன. பிரிட்டனில் ஆஃப்காம் 2019-இல் உள்ளூர் அணுகல் உரிமம் என்ற முறையைக் கொண்டுவந்தது. பெரிய நிறுவனத்தின் அலைக்கற்றை ஓர் ஊரில் பயன்படாமல் இருந்தால், அந்த ஊருக்கு மட்டும் வேறொருவர் விண்ணப்பிக்கலாம். வழக்கமாக மூன்று ஆண்டுக்கு, கட்டணம் 950 பவுண்டு. அமெரிக்காவில் 2020-இல், பழங்குடி மக்கள் தங்கள் நிலப்பகுதியில் 2.5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றைக்கு ஏலத்துக்கு முன்பே விண்ணப்பிக்க ஆறு மாதங்களுக்கும் மேல் தனி அவகாசம் கொடுத்தார்கள்.

நம் நாட்டில் நிறுவனங்கள் தங்களுக்குள் அலைக்கற்றையைப் பகிர்ந்துகொள்ளவும் விற்கவும் 2015 முதல் விதிமுறைகள் உள்ளன. 2023 சட்டத்தின் 7-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒருவருக்கு ஒதுக்கிய அலைக்கற்றையின் பகுதியை இன்னொருவருக்கு இரண்டாம் நிலையில் ஒதுக்கவும், தகுந்த காரணமின்றிப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் திரும்பப் பெறவும் அது இடம் தருகிறது. சட்டத்தில் இடம் இருப்பது ஒன்று, ஊராட்சி நேரடியாக விண்ணப்பிக்கும் அளவுக்கு எளிய நடைமுறை வருவது வேறு. டிராய் ஆணையம் இதுபோன்ற விஷயங்களில் முடிவெடுக்கும் முன் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. அதற்கு யார் வேண்டுமானாலும் பதில் அனுப்பலாம். கிராமத்திலிருந்து போகும் பதில்கள் குறைவு. நாம் எழுதினால்தான் நம் நிலைமை அங்கே பதிவாகும்.

உரிமம் தேவைப்படாத அலையும் இருக்கிறது

வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு 2005 ஜனவரியில் உரிம விலக்கு வந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு 2018 அக்டோபரில் விலக்கு கொடுத்தார்கள். இவற்றைப் பயன்படுத்த ஏலமோ அலைக்கற்றைக் கட்டணமோ இல்லை. ஆனால் மூன்று நிபந்தனைகள் உண்டு.

ஒன்று: கருவி முறையான வகை ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும். இரண்டு: ஒளிபரப்பும் திறன் வரம்பைத் தாண்டக் கூடாது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து 4 வாட் வரைதான். மூன்று: பக்கத்தில் இன்னொருவர் அதே அலையில் கருவி வைத்து இடையூறு வந்தால், "என் இணைப்பைக் காப்பாத்துங்க" என்று யாரிடமும் உரிமை கோர முடியாது. உரிம அலைக்கற்றைக்கு இருக்கும் பாதுகாப்பு இதற்குக் கிடையாது.

ஒரு முக்கியமான விஷயம். அலைக்கு உரிமம் வேண்டாம் என்றால், சேவைக்கும் உரிமம் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அலையைப் பயன்படுத்தும் அனுமதி வேறு, பணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்கு இணையம் விற்கும் அனுமதி வேறு. வைஃபை அலையில் ஓடினாலும், இணையச் சேவை விற்க இணையச் சேவையாளர் உரிமம் வேண்டும், அல்லது உரிமம் பெற்றவரின் கூட்டாளியாகச் செய்ய வேண்டும். அனுமதியில்லாமல் தொலைத்தொடர்புச் சேவை நடத்தினால், 2023 சட்டத்தின் 42-ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.2 கோடி வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

தமிழ்நாட்டில் நடந்த இரண்டு முயற்சிகள்

இது நமக்குப் புதிதல்ல. 1990-களில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையிலான குழு கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி அமைப்பை உருவாக்கியது. ஒரே இணைப்பில் பேசவும் இணையம் பார்க்கவும் முடிந்தது. மதுரை மாவட்டம் மேலூர் தாலுகாவில் 2001 முதல் இதை வைத்துக் கிராம இணைய மையங்கள் நடந்தன. சான்றிதழுக்கு விண்ணப்பம் அனுப்ப மக்கள் அங்கே போனார்கள். இன்றைய இ-சேவை மையத்துக்கு அது ஒரு முன்னோடி என்றே சொல்லலாம்.

தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை வேறு வழியில் போனது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்களுடன் சேர்ந்து, வைஃபை கருவிகளையும் திசை நோக்கிய ஆன்டெனாக்களையும் வைத்துப் பல கிலோமீட்டர் தூரத்தில் இருந்த கிராமக் கண் பரிசோதனை மையங்களை மருத்துவமனையோடு இணைத்தார்கள். நோயாளி ஊரிலேயே இருந்தபடி டாக்டரிடம் வீடியோவில் பேசினார். உரிம விலக்கு அலையிலேயே இது நடந்தது. வருமான நோக்கு இல்லாத இடத்திலும் இணைப்பு கொடுக்க முடியும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஓர் ஊரை வைத்துப் பார்ப்போம்

ஒரு கற்பனைக் குக்கிராமம். 120 வீடுகள். ஊராட்சி அலுவலகம் 6 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பாரத்நெட் திட்டத்தில் ஊராட்சி அலுவலகம் வரை கண்ணாடி இழை கேபிள் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் இந்தப் பணியைத் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் செய்கிறது. குக்கிராமத்துக்கு இணையம் கொண்டுவர மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, புதிய டவர். கைபேசி நிறுவனம் தன் உரிம அலைக்கற்றையில் சேவை தருவது. கையில் இருக்கும் போனே போதும், வேறு செலவில்லை. ஆனால் நிறுவனம் தானாக வராத ஊருக்கு டிஜிட்டல் பாரத் நிதி உதவி தேவைப்படும். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 5 சதவீதத்தை இந்த நிதிக்குச் செலுத்துகின்றன. இதே நிதியிலிருந்துதான் 4ஜி சேவை இல்லாத 24,680 கிராமங்களுக்கு ரூ.26,316 கோடியில் சேவை தர 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பணி பி.எஸ்.என்.எல். நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

இரண்டாவது வழி, ஏர்ஃபைபர். இருக்கும் 5ஜி டவரிலிருந்து வீட்டு மாடியில் பொருத்தும் கருவிக்குச் சிக்னல் வரும். அங்கிருந்து வீட்டுக்குள் வைஃபை. 2023 முதல் ஏர்டெல்லும் ஜியோவும் இந்தச் சேவையைத் தருகின்றன. போனில் ஒரு கோடு மட்டும் சிக்னல் வரும் இடத்திலும், உயரத்தில் வைத்த வெளிக் கருவிக்கு நல்ல சிக்னல் கிடைக்க வாய்ப்புண்டு. பணம் கட்டும் முன், நிறுவல் பணியாளரை மாடிக்கு வரச் சொல்லி வேகத்தைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். மாதம் எவ்வளவு டேட்டா வரை முழு வேகம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழி, ஊராட்சி அலுவலகத்துக் கேபிளிலிருந்து 5 கிகாஹெர்ட்ஸ் கருவி மூலம் குக்கிராமத்துக்கு நேர் இணைப்பு. இதை உரிமம் பெற்ற இணையச் சேவையாளர் செய்ய வேண்டும். 6 கிலோமீட்டருக்கு எதிரெதிர் ஆன்டெனாக்கள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. பாதி வழியில் அந்த நேர்கோட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 மீட்டருக்குக் குறையாமல் வெட்டவெளி இருக்க வேண்டும். இடையில் தென்னந்தோப்பு இருந்தால் கம்பத்தின் உயரத்தைக் கூட்ட வேண்டியதுதான். இன்றைக்குச் சின்னக் கன்றாக இருப்பது பத்து வருடத்தில் மரமாகும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

மூன்றாவது வழியில் ஊருக்கு வந்த இணைப்பை வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்க பி.எம்.-வாணி திட்டம் உதவும். 2020 டிசம்பர் 9 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டம் இது. டீக்கடை, மளிகைக் கடை, மகளிர் சுயஉதவிக் குழு என யாரும் பொதுத் தரவு மையம் நடத்தலாம். உரிமம் வேண்டாம், பதிவு வேண்டாம், அரசுக்குக் கட்டணமும் இல்லை. தொலைத்தொடர்புத் துறையில் பதிவு செய்த ஒருங்கிணைப்பாளர் ஒருவருடன் சேர்ந்தால் போதும். பயனாளிகளை அடையாளம் காண்பது, கணக்கு வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. இந்த மையங்களுக்கு நிறுவனங்கள் வணிக விலையில் இணைப்பு விற்றதால் பலரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அதனால் 200 மெகாபிட் வரையிலான இணைப்புக்கு, சாதாரண வீட்டு இணைப்பு விலையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று டிராய் 2025-இல் உத்தரவிட்டது.

பூஸ்டர் வாங்காதீர்கள்

"ஆன்லைன்ல சிக்னல் பூஸ்டர் கிடைக்குதே, வாங்கி மாட்டிக்கலாமா?" கூடாது. கைபேசி நிறுவனத்தின் அலைக்கற்றையில் வேலை செய்யும் எந்தக் கருவியையும், அந்த உரிமதாரர் அல்லாத தனிநபர் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் சட்டப்படி குற்றம். காரணமும் இருக்கிறது. பூஸ்டர் உங்கள் வீட்டுச் சிக்னலை மட்டும் பெருக்காது, இரைச்சலையும் பெருக்கி டவருக்கு அனுப்பும். அந்த இரைச்சலில் தூரத்து வீட்டுக்காரரின் சன்னமான சிக்னல் டவர் காதில் விழாமல் போய்விடும். உங்கள் வீட்டில் மூன்று கோடு கூடினால், பக்கத்துத் தெருவில் 108-க்கு அழைப்பவருக்கு லைன் கிடைக்காமல் போகலாம். வீட்டுக்குள் சிக்னல் குறைவு என்றால், வைஃபை வழியாகப் பேசும் வசதியை போனில் இயக்கிப் பாருங்கள். அது சட்டபூர்வமானது, செலவும் இல்லை.

டவர் பற்றிய இரண்டு சந்தேகங்கள்

"கதிர்வீச்சு ஆபத்தாச்சே, ஊருக்குள்ள டவர் வேண்டாம்" என்று சில இடங்களில் எதிர்ப்பு வருகிறது. சர்வதேசக் குழு பரிந்துரைத்த வரம்பில் பத்தில் ஒரு பங்கைத்தான் இந்தியா 2012 செப்டம்பர் முதல் தன் வரம்பாக வைத்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் தரங் சஞ்சார் இணையதளத்தில் உங்கள் பகுதி டவர்கள் பற்றிய விவரம் பார்க்கலாம். கட்டணம் செலுத்தி அளந்து தரவும் கேட்கலாம். டவர் தூரத்தில் இருந்தால் போன் தன் திறனைக் கூட்டித்தான் பேசும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொன்று மோசடி. "உங்க நிலத்துல டவர் வைக்கிறோம், மாசம் இவ்வளவு வாடகை, முன்பணமா கொஞ்சம் கட்டுங்க" என்று போன் வந்தால் நம்ப வேண்டாம். டவர் வைக்க டிராய் யாருக்கும் தடையில்லாச் சான்று தருவதில்லை. நில உரிமையாளரிடம் முன்பணம் கேட்பதும் நடைமுறையில் இல்லை. இப்படி அழைப்பு வந்தால் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு பகுதியில் தெரிவியுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை

1. முதலில் உங்கள் போனைப் பாருங்கள். டவர் 700 மெகாஹெர்ட்ஸில் சேவை தந்தாலும், போன் அந்தப் பட்டையை ஏற்காவிட்டால் பயனில்லை. போன் பெட்டியிலோ நிறுவனத் தளத்திலோ பட்டை எண் 28 இருக்கிறதா என்று பாருங்கள். பி.எஸ்.என்.எல். 4ஜிக்கு 28, 1 ஆகிய இரண்டும் முக்கியம். 3,300 மெகாஹெர்ட்ஸ் 5ஜிக்கு என்78 வேண்டும்.

2. எந்த நிறுவனத்தின் சேவை உங்கள் ஊரில் இருக்கிறது என்பதை அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள வரைபடத்தில் பாருங்கள். டிராய் உத்தரவுப்படி இந்த வரைபடத்தை அவர்கள் வெளியிட்டாக வேண்டும். பிறகே சிம் வாங்குங்கள், அல்லது எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றுங்கள்.

3. வேகத்தை அளந்து வையுங்கள். டிராய் மைஸ்பீடு செயலியில் காலை, மதியம், இரவு என ஒரு வாரம் அளந்து திரைப்பதிவு எடுத்து வைத்தால், "நெட் ஸ்லோவா இருக்கு" என்ற புகார் ஆதாரமுள்ள புகாராக மாறும்.

4. புகார் வரிசையைப் பின்பற்றுங்கள். முதலில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் மையம். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. அதற்குப் பிறகும் தீராவிட்டால் தொலைத்தொடர்புத் துறையின் 1063 எண் அல்லது மத்திய அரசின் பொதுக் குறைதீர் தளம். டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை. அங்கே அனுப்பி நாளைக் கடத்த வேண்டாம்.

5. கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் சபையில் வீடுகளின் எண்ணிக்கை, பள்ளி, துணை சுகாதார நிலையம், ரேஷன் கடை, இப்போது கிடைக்கும் வேகம், டவருக்கு ஊராட்சி தரக்கூடிய இடத்தின் சர்வே எண் ஆகியவற்றை எழுதி நிறைவேற்றுங்கள். அதன் நகலைத் தொலைத்தொடர்புத் துறையின் தமிழ்நாடு அலுவலகத்துக்கும் பி.எஸ்.என்.எல். மாவட்ட அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். "எங்களுக்கு டவர் வேணும்" என்ற ஒரு வரி மனுவைவிட, இடமும் எண்ணிக்கையும் சொல்லும் தீர்மானத்தின் மீது நடவடிக்கை எடுப்பது அதிகாரிக்கும் எளிது.

6. ஊராட்சித் தலைவர்கள், செயலர்களுக்கு: டவர் அல்லது கேபிள் அனுமதிக்கான விண்ணப்பங்கள் கதிசக்தி சஞ்சார் தளம் வழியாக வருகின்றன. உங்கள் ஊரின் இணைப்பு உங்கள் மேசையில் தேங்கி நிற்கக் கூடாது.

7. இணையச் சேவையைத் தொழிலாகச் செய்ய நினைக்கும் இளைஞர்கள், கேபிள் ஆபரேட்டர்களுக்கு: சின்ன அளவில் தொடங்க பி.எம்.-வாணி. அடுத்த படியாக உரிமம் பெற்ற நிறுவனத்தின் கூட்டாளி. சொந்தமாக நடத்த வேண்டும் என்றால் இணையச் சேவையாளர் உரிமத்தில் சிறிய பரப்புக்கான சி பிரிவு இருக்கிறது. விண்ணப்பம் சரல் சஞ்சார் தளத்தில். கருவி வாங்கும் முன் வகை ஒப்புதல் சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

அலைக்கற்றை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஊர் ஏரியைப் போல அதுவும் எல்லாருக்கும் பொதுவானது. மடை யார் கையில் இருக்கிறது, தண்ணீர் எந்த வயலுக்குப் போகிறது, எந்த வயல் காய்கிறது என்று கேட்க கடைமடைக்காரருக்கு உரிமை உண்டு. அடுத்த கிராம சபைக்குப் போகும்போது ஒரு வார வேக அளவுகளை போனில் வைத்துக்கொண்டு போங்கள்.